காணாமல் போன பந்தயக் கார்

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. வீடியோ கேம் கடையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்ததும் அந்தக் குணத்தை அங்கேயும் கொண்டுபோனார். முதல் மாதமே டென்னிஸ் மெஷினைத் துடைக்கிறேன் பேர்வழி என்று உள்ளே தண்ணீர் விட்டுவிட்டார். "இன்னொரு மெஷின் கெட்டுதுன்னா வீட்டைப் பார்த்து நடையைக் கட்டு" என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். வேலை போனால் என்ன செய்வோம் என்று எனக்குத் தூக்கமே வராது.

ஒருநாள் மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். புதிதாக வந்திருந்த கார் பந்தய மெஷினின் முன்கண்ணாடி கழற்றப்பட்டுக் கிடந்தது. இவர் பின்பக்கக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார்.

"காரைக் காணோம்டி," என்றார். முகத்தில் ஈயாடவில்லை. "திரையைத் துடைச்சேன். ரோடு வருது, கார் வரல. மொதலாளி வர்ற நேரம் வேற."

சாப்பாட்டைக் கீழே வைத்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தேன். கறுப்புத் திரையில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கம்பங்கள் ஓடி வந்தன, திருப்பினால் வளைந்தன. அந்தக் காலத்து மெஷினுக்கு அதற்குமேல் வரையத் தெரியாது.

"எல்லாம் நல்லாத்தான ஓடுது?" என்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சட்டைக் கையில் சின்னதாக ஒரு கார் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெறும் பிளாஸ்டிக் படம். திரையின் அடியில் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். கார் ஒருநாளும் நகர்ந்ததில்லை, ரோடுதான் நகர்ந்திருக்கிறது. இந்த மனுஷன் அழுக்கென்று நினைத்துச் சுரண்டியிருக்கிறார்.

"நான் ஒயருக்குள்ள தேடிட்டிருக்கேன்."

"ஒயருக்குள்ள கார் எப்படிங்க போகும்?"

அவசர அவசரமாக ஒட்டி, கண்ணாடியை மாட்டி முடிப்பதற்கும் முதலாளி உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. அவர் நேராக அதே மெஷினில் உட்கார்ந்து ஓட்டினார்.

"கார் கொஞ்சம் சாஞ்சு போகுதே?"

"வளைவு சார். வளைவுல சாயத்தான செய்யும்."

முதலாளி தலையாட்டிவிட்டு அடுத்த வளைவை இன்னும் வேகமாக எடுத்தார். எழுந்தபோது சிரித்தார். "திரை பளிச்சுன்னு இருக்குப்பா. இப்படியே வெச்சுக்கோ."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. முதலாளி தலை மறைந்ததும் இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடை சாத்தும்வரை நானும் அங்கேயே இருந்தேன். தெருவில் எப்போதும் எனக்கு நாலடி முன்னால் நடக்கிறவர், அன்று வீடுவரை என் கையை விடவில்லை.