முழங்காலுக்கு மேலே, தோளுக்குக் கீழே

என் கணவருக்கு முன்னால் அவருடைய வாக்கர் வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று நாள் இருக்க வேண்டும், இதை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள் என்று பிசியோதெரபி பெண் சொல்லியிருந்தாள். அலுமினியத்தில் நாலு கால், ஒவ்வொரு காலுக்கும் ஒரு ரப்பர் குப்பி. ஆட்டோவில் மடியில் வைத்து முடிச்சூருக்குக் கொண்டுவந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவள். புதிதாக ஒரு கருவி கையில் கிடைத்தால் சும்மா இருக்க மாட்டேன். வலது காலைத் தூக்கிக்கொண்டு, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை அதைப் பிடித்து நடந்து பார்த்தேன்.

போக முடியவில்லை. இரண்டாவது எட்டில் டீப்பாய் இடித்தது. அதைச் சுற்றிப் போனால் செருப்பு ஸ்டாண்டு. அதைத் தாண்டினால் பழைய டிவி வந்த அட்டைப்பெட்டி. டிவி போய் நாலு வருடம் ஆகிறது, பெட்டி மட்டும் புதுசாக இருக்கிறது. பாத்ரூம் வாசலில் தண்ணீர் கேன் மூன்று. பதினோரு எட்டு தூரத்தில் ஒன்பது இடத்தில் இடித்தேன். இருபத்தெட்டு வருடமாக இந்தக் குடும்பத்தை நடத்துகிறேன், என் வீட்டில் நடக்க இடமில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் விழுந்ததுகூட இடம் இல்லாமல்தான். பங்குனி வெயில் தாங்காமல், மழைக்காலத்தில் லாஃப்டில் ஏற்றிய பெடஸ்டல் ஃபேனை இறக்கப் போனார். ஸ்டூலின் மூன்று கால் தரையில், நாலாவது கால் பழைய பேப்பர் கட்டின் மேல். கட்டு நழுவியது. ஃபேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்குத் தொடை எலும்பு முறிந்து, உள்ளே பிளேட் வைத்தார்கள். வலது காலை லேசாக ஊன்றலாம், எடை போடக் கூடாது, குனியக் கூடாது என்றார் டாக்டர்.

பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தார். வலிக்கு அவர் ஒரு வார்த்தை முனகவில்லை. ஆனால் பெட்பேன் வைக்கும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். வீட்டுக்குப் போனா பாத்ரூமுக்கு நானே போய்ட்டு நானே வரணும். யாரும் கூட வரக் கூடாது. நீயும் வரக் கூடாது."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. என் லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை முழு ஆண்டுத் தேர்வு, லீவைப் பற்றிப் பேச்செடுக்கவே முடியாது. ஆபரேஷனுக்கு வந்திருந்த மகள் பெங்களூருக்குத் திரும்பிவிட்டாள். ஆக, காலை ஏழரையிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை அவர் தனியாக இருக்க வேண்டும். அவராகப் போய்வர முடியாவிட்டால் சம்பளத்துக்கு ஒரு ஆளை வைக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் வந்து நின்றால் அவர் காலை மட்டுமில்லை, வேறு எதையோ ஒடித்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டை ஒழுங்குபண்ணுவது எப்படி என்று மகள் போனில் சில வீடியோக்களை அனுப்பினாள். வெள்ளைச் சுவர், ஒரு நாற்காலி, ஒரு செடி. அந்த வீட்டில் இருப்பவர்கள் சாப்பிடுவார்களா, துணி துவைப்பார்களா என்றுதான் நான் யோசித்தேன். எனக்கு வாக்கர் போதும். அது எதில் இடிக்கிறதோ அது அங்கிருந்து போக வேண்டும். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது. அது யார் வாங்கித் தந்தது, எவ்வளவு நாளாக இருக்கிறது என்றெல்லாம் கேட்காது.

இரண்டு நாள் வேலை. உண்மையைச் சொன்னால் பாதி நேரம் வேடிக்கை பார்த்தேன். எங்கள் வீட்டில் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். குக்கர் கேஸ்கெட் ஏழு, அவற்றுக்கான குக்கர் ஒன்றுகூட இல்லை. பூட்டு இல்லாத சாவிக்கொத்து. கல்யாண வீடுகளில் தேங்காய் போட்டுத் தந்த மஞ்சள் பைக்குள் பை, அதற்குள் பை, கடைசிப் பைக்குள் ஒரு தேங்காய்ச் சில்லு, அது எந்தக் கல்யாணத்துடையதோ. கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் பதினாறு வருடத்து வசனக் காலண்டர்கள். வேத வசனம் அச்சடித்த தாளைக் குப்பையில் போட எங்கள் வீட்டில் யாருக்கும் கை வராது. ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டி மாட்டி, அந்தக் கதவு முழுசாகத் திறப்பதே இல்லை. நாங்களும் கதவுதான் கோணல் என்று தச்சரைக் கூப்பிடப் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாக்கர் எங்கும் இடிக்காமல் பாத்ரூம் போய்த் திரும்பியது. தரை பளிச்சென்று இருந்தது. எனக்கு நானே ஒரு காபி போட்டுக்கொண்டு, நடுக் கூடத்தில் நின்று குடித்தேன். பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை அவர் வந்தார். வாசற்படியில் மட்டும் ஆட்டோ டிரைவர் ஒரு கை கொடுத்தார். கூடத்தைப் பார்த்ததும், "நம்ம வீடுதானா இது?" என்று கேட்டார். பதினோரு எட்டையும் எண்ணிக்கொண்டே நடந்து போய், பாத்ரூம் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். முகத்தில் எஸ்எஸ்எல்சி பாஸ் செய்தவரின் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கூப்பாடு தொடங்கியது. துண்டு எங்கே என்றார். எடுத்துக் கொடுத்தேன். லுங்கி. கொடுத்தேன். ஷேவிங் செட், மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா, போன் சார்ஜர், தண்ணீர் குடிக்கத் தம்ளர். காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பத்து மணிக்குள் பத்தொன்பது கோடு. ஒவ்வொரு தடவையும் நான் ஸ்டூலில் ஏற வேண்டியிருந்தது. கடைசியில் எரிச்சலில், "உங்களுக்கு என்னதான் வேணும், ஒரேடியா சொல்லித் தொலைங்களேன்" என்று கத்திவிட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் திரும்பிக்கொண்ட மாதிரியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போதுதான் மாடி வீட்டு அக்கா ஆட்டுக்கால் சூப்போடு வந்தார். அவர் வீட்டுக்காரர் தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். பெருவெள்ளம் வந்த வருடம் எங்கள் வீட்டில் மார்பளவு தண்ணீர் நின்றபோது, ஆறு நாள் எங்களை மாடியில் வைத்துச் சோறு போட்டவர் அந்த அக்கா. சூப்பைக் கட்டில் பக்கத்தில் வைக்க இடம் தேடியவர், கூடத்தையும் அண்ணாந்து மேலேயும் ஒரு சுற்றுப் பார்த்தார். லாஃப்ட் கூரையை முட்டிக்கொண்டிருந்தது. பீரோ மேல் பெட்டி, அதற்கு மேல் டீப்பாய், ஃபிரிட்ஜ் மேல் துணிக்கூடை, அலமாரியின் உச்சித்தட்டில் தம்ளர்கள்.

"என்ன டீச்சர்," என்றார், "தண்ணி வரப்போவுதுன்னு யாராச்சும் சொன்னாங்களா? இந்தச் சித்திரை வெயில்லயா?"

நான் கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். அக்கா சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் வீட்டை ஒழுங்குபண்ணுவது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மேலே ஏற்றுவது. ஐப்பசி பிறந்தால் தெரு முழுக்க ஏற்றுவோம், தை வந்தால் இறக்க மறப்போம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். நாங்கள் வெள்ளம் கண்ட பூனைகள். அந்த வருடம் என் பி.எட் சான்றிதழ், கல்யாண ஆல்பம், மகளின் முதல் கவுன் எல்லாம் கீழ்த்தட்டில் இருந்ததால்தான் போயின. அதற்குப் பிறகு கீழே இருப்பது எல்லாம் போகப்போவது என்று என் கை தானாகவே முடிவுபண்ணிவிட்டது. இரண்டு நாள் பாடுபட்டு நான் வீட்டைத் தயார் பண்ணியது தண்ணீருக்கு. அவருக்கு இல்லை.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். அழுகிறாரோ என்று பயந்து பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

அவருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பு. எட்டாயிரம் சாமான், எது கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தருவார் என்று பேர். ஊருக்குத்தான் உபதேசம், வீட்டில் அவருடைய சாக்ஸை அவராலேயே கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்கு முதல்முறையாகக் கூடத்தின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்லி, சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஸ்டோர்கீப்பராக உட்கார்ந்தார்.

"தினமும் எடுக்குற சாமான் முழங்காலுக்கு மேல, தோளுக்குக் கீழ. அவ்வளவுதான் ரூல்," என்றார். "அந்த எடத்துல எவ்வளவு பிடிக்குதோ அதுதான் நம்ம வீடு. மிச்சமெல்லாம் ஏன் இருக்கேன்னு காரணம் சொல்லட்டும்."

அக்காவும் நானும் ஒவ்வொன்றாக இறக்கி அவர் முன்னால் காட்டினோம். எதற்கும் ஒரே கேள்வி: "கடைசியா எப்ப இஷ்யூ ஆச்சு?" கடைசியாக எப்போது எடுத்துப் பயன்படுத்தினோம் என்பதை அவர் தொழிற்சாலைப் பாஷையில் கேட்டார். இந்த வருடம் என்றால் ஒரு பக்கம். ஞாபகமில்லை என்றால் வாசல் பக்கம். எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. இட்லிக் கொப்பரை பெரியதை நான் விடமாட்டேன் என்றேன். முப்பது பேர் வந்தால் என்ன செய்வது? முப்பது பேர் கடைசியாக எப்போது இஷ்யூ ஆனார்கள் என்று கேட்டார். அது மகளின் ஞானஸ்நானத்துக்கு. அவளுக்கு இப்போது இருபத்தாறு வயது. பேர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்களை யாருக்கும் கொடுக்க முடியாதே என்று நான் மடக்கினேன். பேரைக் கடையில் பாலிஷ் போட்டு அழித்துவிடலாம் என்று அக்கா ஒரே வரியில் தீர்த்துவிட்டார். கொப்பரையும் அவையும் சர்ச் சமையலறைக்குப் போவதென்று முடிவானது. காலண்டர்களில் இந்த வருடத்தது ஆணியில். பழையவற்றில் வசனத்தை வெட்டி, நான் பள்ளிக்கு எடுத்துப் போகும் வாழ்த்து அட்டைகளில் ஒட்டலாம் என்று அவர்தான் யோசனை சொன்னார். பதினாறு வருடம் எங்களுக்கு ஏன் அது தோன்றவில்லை என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை.

சான்றிதழ், பத்திரம் வைத்த ரெக்சின் பை வந்தபோது மட்டும் நான் தரமாட்டேன் என்று மார்போடு பிடித்துக்கொண்டேன். அதைத் தோளுக்குக் கீழே வைக்க எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்றே சொல்லிவிட்டேன், கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா என் கையிலிருந்து அந்தப் பையை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"இது மேல ஏறணும்தான். எங்க வூட்டு பீரோல இருக்கட்டும்," என்றார். "வோணும்போது கொரல் குடு, தூக்கிப் போடறேன்."

மூன்று மணிக்குப் பழைய பேப்பர்காரரை வரச் சொன்னோம். வாசலில் குவிந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவர் சைக்கிளை நிறுத்தாமலே, "இன்னாக்கா, வூடு மாத்துறியா? இம்மாம் பொட்டி கீது?" என்று கேட்டார். இல்லையண்ணா, இதே வீட்டுக்குத்தான் குடி வருகிறோம் என்றேன். இரண்டு நடை அடித்தார்.

வாக்கரைப் பிடித்தால் இரண்டு கையும் போய்விடுகிறது, துண்டை எதில் எடுத்துப் போவது என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது. வாக்கரின் முன்கம்பியில் ஒரு மஞ்சள் பையைக் கட்டினேன். சுவரில் தோள் உயரத்துக்கு நாலு கொக்கி அடித்தேன். அடிக்கும்போது அவரை நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லி அளவெடுத்தேன். இரவு சாப்பாட்டுக்குள் கோடு போடுவதை நிறுத்திவிட்டேன், எண்ண ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு இருபது. சோறும் குழம்பும் மேஜையில், போன் அவர் சட்டைப் பையில், வெளிக்கதவுச் சாவியில் ஒன்று மாடி அக்காவிடம். கிளம்பு, கிளம்பு என்று விரட்டினார். டாட்டா காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகு கால் நகரவில்லை. மறுபடி சத்தமில்லாமல் திறந்து, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாசல் திரைக்குப் பின்னால் நின்றேன். திருடி மாதிரி இருந்தது, ஆனாலும் நின்றேன்.

அவர் எழுந்தார். கொக்கியிலிருந்து துண்டை எடுத்துப் பையில் போட்டார். அலமாரித் தட்டிலிருந்து லுங்கி. வாக்கர் முன்னே, வலது கால், பிறகு இடது கால். எங்கும் இடிக்கவில்லை. என் உதடு தானாக எண்ணிக்கொண்டிருந்தது. பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது. தனியாக இருக்கும்போது தாழ் போடவே கூடாது என்று டாக்டர் என்னைத்தான் உட்காரவைத்துச் சொல்லி அனுப்பியிருந்தார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் நன்றாகக் கேட்டது.

தட்டலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். பிறகு நின்றுவிட்டேன். உள்ளே குழாயைத் திறந்தார், மூடினார்.

"டீச்சர், நீ இன்னும் போகலையா?" என்று கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"போய்ட்டேன்," என்றேன்.