பேட்டரி அறையில் இல்லாத ஜன்னல்

தங்கவேலு சார் இறந்துவிட்டார்.

காலையில் ரஹீம் பாய் சேலத்திலிருந்து போன் செய்தார். "போயிட்டாருங்கம்மா. மாலை போட்டுட்டு இப்பத்தான் வாரேன். ஒத்தக் கண்ணுலதான் பாத்தேன்... நல்லாத்தான் தூங்கறாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என்னால் முடியவில்லை.

பேஸ்புக்கைத் திறந்தால் வரிசையாக அஞ்சலி. 'நம்ம பக்கத்து சோலார் முன்னோடி', 'மாமனிதர்'... "மேடம், நீங்க அவர்கிட்டதானே முதல்ல வேலை பாத்தீங்க, எழுதுங்க" என்று இரண்டு பேர் டேக் செய்திருக்கிறார்கள்.

எழுதுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. பி.இ. எலெக்ட்ரிகல் முடித்த கையோடு சேலத்தில் அவருடைய ஆபீஸில் சேர்ந்தேன். கரண்ட் கட்டில் ஆலைகள் திண்டாடிய காலம் அது. மின்வாரியக் கம்பியை நம்பாமல் ஓர் ஆலை ஓட எத்தனை பேனல், எத்தனை பேட்டரி வேண்டும் என்று டிசைன் செய்து கொடுப்பது அவர் தொழில்.

வேலை தெரிந்தவர். சேந்தமங்கலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை. முதலாளி சொன்ன கணக்கை நம்பாமல் ஒரு வாரம் மீட்டரும் கையுமாக ஒவ்வொரு மோட்டாராக அளந்தார். முதலாளியே மறந்துபோயிருந்த ஒரு மோட்டாரை, கிழங்கு கழுவும் தொட்டிக்குப் பின்னாலிருந்து கண்டுபிடித்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால்... பாவம், அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பெரிய மெஷின்களுக்கு டீசல் என்ஜின். பம்புக்கும் விளக்குக்கும் சோலார். அதற்கு ஓர் அறை நிறைய பேட்டரி, ஆளின் இடுப்பு உயரத்துக்கு.

பேட்டரி நிரம்பிய பிறகும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தால் ஹைட்ரஜன் கிளம்பும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். அதனால் கூரையை ஒட்டி ஒரு ஜன்னல் வரைந்திருந்தேன்.

முதலாளி டிராயிங்கைப் பார்த்தார். "ஏனுங்க சார், அங்க ஜன்னல் வெச்சா கெழங்கு மாவெல்லாம் உள்ளார வந்து படியுமுங்களே?"

"எடுத்துட்டாப் போச்சுங்க." சார் சிவப்புப் பென்சிலால் ஜன்னலை அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

"கேஸ் போக வழி வேணும் சார்" என்றேன்.

"பேட்டரிக்கு மூச்சு முட்டுமாங்க! விட்டா நாளைக்கு ஃபேன் கேக்கும்" என்றார் சார் முதலாளியிடம். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜன்னல் இல்லாத இரண்டாவது டிராயிங்கையும் நானேதான் போட்டேன். அதையும் மறைக்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆலைக்கு லீவு, ஒரு மோட்டாரும் ஓடவில்லை. வெளியே களத்தில் கண் கூசும் வெயில்.

பேட்டரி அறை வாசலில் நின்றால் உள்ளே கொதிப்பதுபோலச் சத்தம் கேட்டது. சார்ஜை நிறுத்துவது கையால் போடும் சுவிட்ச். ஆலை எலெக்ட்ரீஷியன் ரஹீம் பாய்தான் தினமும் பார்த்து அணைப்பார்.

"பாய், ஏன் இன்னிக்கு அணைக்கல?"

"பொட்டு வெச்சுட்டாங்கம்மா. பூஜை முடியற வரைக்கும் தொடக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு."

உண்மைதான். சுவிட்சில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்தி மாலை.

சாரிடம் போனேன். "சார், நீங்க சொன்னா கேப்பாங்க. அணைக்கச் சொல்லுங்க."

"பூஜை நேரத்துல எதுக்கும்மா... பத்து நிமிஷம்."

முதலாளி சூடத் தட்டோடு உள்ளே போனார். "பாய், வருஷம் பூரா பாத்துக்கறது நீங்க. நீங்கதானுங்க முன்னால நிக்கோணும்." ரஹீம் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகப் போய் நின்றார்.

"சார், நீங்களும் வாங்க" என்றார் முதலாளி.

"கூட்டமா இருக்குதுங்க. நீங்க பாருங்க, நான் இங்கயே நிக்கறேன்."

உள்ளே மொத்தம் நான்கு பேர்தான் இருந்தார்கள்.

சூடம் ஏற்றியதும் வெடித்தது. முதலாளிக்குக் கையில் காயம். ரஹீம் பாய்க்கு இடது கண்ணில் ஆசிட். நானும் ஒரு பெண்ணும் தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக அவர் முகத்தில் ஊற்றினோம்... கண் போய்விட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் சார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "டிராயிங் போட்டது இந்தப் பொண்ணுங்க. புதுசு. ஜன்னலை விட்டுருச்சு."

என் பையில் முதல் டிராயிங் இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"அது ரஃப் காப்பிங்க" என்றார் சார். அதிகாரி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. புது ஆளின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். அந்த வாரமே வேலையை விட்டேன்.

பிறகு சாரை நான் பார்க்கவேயில்லை. ரஹீம் பாய் மட்டும் போய் வந்துகொண்டிருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இன்று போனை வைக்கும் முன்னால் சொன்னார். "போன மாசம் பாக்கப் போயிருந்தேம்மா. உங்களப் பத்திக் கேட்டாரு."

"என்னன்னு?"

"அந்தப் பொண்ணு டிராயிங்க இன்னும் வெச்சிருக்குதான்னு."

வைத்திருக்கிறேன் சார். படம் கீழே. கிழக்குச் சுவர், கூரையை ஒட்டி... உங்கள் சிவப்புக் கோட்டுக்கு அடியில் ஜன்னல் நன்றாகவே தெரிகிறது. கையெழுத்தும்.

போய் வாருங்கள்.