படத்தை மறைத்த ஜெயபாலன்

ஜெயபாலன் சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் பொருள்களைப் பரிசோதித்து, குறையுள்ளதைப் பொறுக்கித் தனியே போட்டவர். வேலையை விட்டதும், தெரிந்த அந்த ஒரே வித்தையைப் பிள்ளைகளிடம் காட்டலாம் என்று மூலை வீட்டில் பாலர் பள்ளி திறந்தார். நான் அங்கே டீச்சர். அவர் தலைமையாசிரியர். அந்தப் பட்டத்தைத் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டார்.

பிள்ளைகள் படத்தைப் பார்த்து வாசிப்பது காப்பியடிப்பதற்குச் சமம் என்பது இந்த மேதையின் கண்டுபிடிப்பு. "படத்தப் பாத்து சொன்னா அது வாசிப்பா டீச்சர்?" என்பார். அலமாரியிலிருந்த படக்கதைப் புத்தகங்கள் அத்தனையிலும் பழுப்புக் காகிதம் ஒட்டிப் படங்களை மூடச் சொன்னார். எழுத்து மட்டும் வெளியே தெரியும். முயல், மழை, யானை எல்லாம் காகிதத்துக்கு அடியில். ஒட்டியவள் நான்தான். சம்பளத்துக்காக ஒட்டினேன், அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

லோஷினிக்கு ஐந்து வயது. அம்மா சந்திரமதிக்குச் சிங்கப்பூர் ஹோட்டலில் வேலை. அங்கேயே தங்கி, மாதத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். லோஷினி வாயைத் திறந்தால் பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பதற்குத்தான். ஒரு திங்கட்கிழமை ஜெயபாலன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை அவங்க அம்மா வரட்டும். அவங்க முன்னாடி ஒரு பக்கம் வாசிக்கணும். இல்லன்னா இந்தப் பிள்ள நமக்கு வேணாம் லா."

அன்று அவர் சாப்பிடப் போனதும் யானைக்குட்டிக் கதையை எடுத்து, ஒரு பக்கத்தில் காகிதத்தைப் பிரித்தேன். குட்டி முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. லோஷினி வெகுநேரம் பார்த்தாள்.

"டீச்சர், இதுக்குக் கோவமா?"

"நீயே சொல்லு."

"கோவம் இல்ல. அழுவுது. யாரும் பாக்கக்கூடாதுன்னு திரும்பிக்கிச்சு."

பிறகு எழுத்தின்மேல் விரலை வைத்து, தானாகவே 'யா' என்றாள். வியாழக்கிழமைக்குள் அந்தப் பக்கம் முழுக்க வந்துவிட்டது. அந்த நான்கு நாளும் யாரையும் அவள் கடிக்கவில்லை. நானோ ஒவ்வொரு நாளும் அவர் வருவதற்குள் காகிதத்தை மறுபடி ஒட்டிவைத்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

வெள்ளிக்கிழமை சந்திரமதி லீவு போட்டு வந்தார். ஜெயபாலன் புத்தகத்தை நீட்டினார். லோஷினி முதல் வேலையாகக் காகிதத்தை நகத்தால் பிய்த்துப் போட்டாள்.

"பாக்காத. வாசி," என்று அவர் மேசையைத் தட்டினார்.

அவள் விரல் வைத்து வாசித்தாள். "யானைக்குட்டி மரத்தடியில் உட்கார்ந்தது." பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "அதோட அம்மா வரல. அதான் அழுவுது."

சந்திரமதி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

ஜெயபாலன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கத்தை எழுத்தெழுத்தாகத் தேடினார். எழுத்தை மட்டும்தான். "அழுவுதுன்னு இங்க எழுதலையே. சொந்தமா சேத்து வாசிக்குது. ஃபெயில்தான்." தாய் அழுவது பிள்ளை தோற்றதற்காக என்று முடிவுகட்டி, பெரிய மனது பண்ணினார். "அழாதீங்கம்மா. சனிக்கிழமை டியூஷனுக்கு அனுப்புங்க, சரி பண்ணிடலாம்."

சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

"வேணாம் சார். இனி சனிக்கிழமை நான் வீட்டுல இருப்பேன்."