குழாயடியில் ஒரு சொல்

போன சனிக்கிழமை மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டி வதைப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தடுப்பது என்று ஒரு கவுன்சிலர் பெண் திரையில் படம் போட்டு விளக்கினார். “வீட்டுக்கு வந்ததும் பிள்ளை அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால்கூட ஏனென்று கேளுங்கள்” என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பள்ளித்தோழி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். செல்வி அப்படித்தான் குடிப்பாள்.

செல்வி பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஏழாம் வகுப்புக்கு மலையிலிருந்து இறங்கி, மலையாள நகரத்துக் கரமனையில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்க வந்தாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவள் மேல் எப்போதும் யூகலிப்டஸ் தைல வாசனை. இன்றும் ஜலதோஷத்துக்கு அந்தப் பாட்டிலைத் திறந்தால், மூக்கு திறப்பதற்கு முன்பே செல்வி வந்து நின்றுவிடுவாள். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. மூடுபனியில் வளைவு தெரியாமல் பஸ் பின்னால் உருண்டதையும், கண்டக்டர் குதித்துக் கல் வைத்ததையும் அவள் சொன்னால், பள்ளிக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலத்தில் நடந்துகொண்டிருக்கும் நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வேன்.

மலையாள வகுப்பில் அவளை வாசிக்கச் சொன்னதில் ஆரம்பித்தது எல்லாம். மலையாளத்தில் ‘ப’ நான்கு விதம்; தமிழ் படித்து வந்த செல்விக்கு நான்கும் ஒன்றுதான். ‘பாக்யம்’ என்றால் முதல் எழுத்தில் மூச்சு அழுந்தி வர வேண்டும். (இதைத் தமிழில் எழுதி உங்களுக்கு வித்தியாசத்தைக் காட்டக்கூட வழியில்லை, பாருங்கள்.) வகுப்பே சிரித்தது. மதியம் தண்ணீர்க் குழாயடியில் எங்கள் வகுப்புச் சிந்துவும் தோழிகளும் அவளை மறித்தார்கள்.

“பாண்டீ, பாக்யம் பற. எந்நிட்டு வெள்ளம் குடிச்சா மதி.”

பாண்டி என்பது தமிழாளுக்கு அங்கே ஏளனப் பெயர்; ‘பாக்யம்’ என்று சரியாகச் சொன்னால்தான் தண்ணீர். நானும் தமிழ்ப் பெண்தான். ஆனால் பிறந்ததிலிருந்தே மலையாளம் நாக்கில் ஊறியவள் என்பதால் என்னை விட்டுவிட்டார்கள். சண்டை போட்டேன். என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தார்கள். பாட்டிலில் கொண்டுவந்தால் கவிழ்த்தார்கள். செல்வி குழாயடிப் பக்கம் போவதையே நிறுத்தினாள். சாயங்காலம் எங்கள் வீட்டில் சொம்பு சொம்பாகக் குடிப்பாள்.

“என்னடி இது, ஸ்கூல்ல ஜலமே கெடையாதா?” என்றாள் அம்மா. சொன்னோம். “கொழந்தைகள் தமாஷ்டீ. காதுல வாங்கிக்காதே, தன்னால நின்னுடும்.”

நிற்கவில்லை. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து, மூச்சுக்காற்று படுகிறதா என்று பார்ப்போம். பெரிய வாத்தியாரம்மா என்று எனக்கு நினைப்பு! ஒரு நாள் குழாயடியில் செல்வி அந்தச் சொல்லை அப்பழுக்கில்லாமல் சொன்னாள். யாரும் வழி விடவில்லை. பிறகு சிந்து சிரித்துக்கொண்டே, “சரி, இனி வேறொண்ணு பற” என்றாள். சொல்லில் ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கிளாஸ் டீச்சரிடம் போனேன். நல்ல மனுஷி. வகுப்புக்கு முன்னால் சிந்துவை மன்னிப்புக் கேட்கவைத்தார். மறுநாளிலிருந்து யாரும் செல்வியைக் கேலி செய்யவில்லை. யாரும் அவளோடு பேசவும் இல்லை. அவள் பெஞ்சில் இருந்தவர்கள் இடம் மாறிக்கொண்டார்கள். பேசச் சொல்லி யாரை அடிக்க முடியும்? டீச்சர் கையைப் பிசைந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஓயாமல் பேசினேன். செல்வி தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஓணப் பரீட்சைக்கு முன்பே அவளை அழைத்துப்போக அவள் அப்பா மலையிலிருந்து வந்துவிட்டார்.

“யாரும் எதுவும் சொன்னாங்களா, தாயி?”

“இல்லப்பா. கீழ இந்த வெக்கை ஒத்துக்கல.”

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பஸ் புறப்படும் வரை நின்றேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது.

சில மாதங்களுக்கு முன் கழக்கூட்டம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். ஐடி பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் வார்டனாம். “செல்வி, நல்லா இருக்கியா?” என்றதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஆனால் பதிலெல்லாம் மலையாளத்தில். மலையாள ஊரான நெடுமங்காட்டிலேயே பிறந்தவள் போல அப்படியொரு மலையாளம். நான் விடாமல் தமிழில் கேட்டுப் பார்த்தேன்.

“தமிழொக்கெ போயி” என்று சிரித்தாள், தமிழெல்லாம் போயே போச்சாம்.

“அப்பாவோடயாவது தமிழ்தானே?”

கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“அப்பன் மரிச்சுபோயி. இனி ஆரோடு தமிழ் பறயுக?”