கட்டில் போட்டுப் பாடிய பெரியப்பா

போர்ட் கிள்ளானில் மற்ற லோரிகள் சாமிப் பாட்டோடு கிளம்பும். என் பெரியப்பாவின் லோரியில் மட்டும் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டு ஓடும். அந்த வகைப் பாட்டுக்கே முன்னோடியான ஒருவர்தான் அவருக்குத் தெய்வம். ரயிலில் வேலை பார்த்தவராம். காசநோய் வந்தும் பாட்டை விடவில்லையாம். கடைசிப் பாட்டுகளைப் பதிவுக்கூடத்தில் கட்டில் போட்டு, நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படுத்துப் படுத்து எழுந்து பாடினாராம். சோறு தின்னும்போதுகூடப் பெரியப்பா இந்தக் கதையை விடமாட்டார்.

பெரியப்பாவின் மகளுக்குத் தைப்பூசம் கழித்துக் கல்யாணம், பிரிக்பீல்ட்ஸில் டின்னர். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது ஒரு பாட்டு ஓடியாக வேண்டும். அதைத் தானே பாடுவதாக, அக்கா பிறந்ததிலிருந்தே அவர் சொல்லி வந்தார். தீபாவளி லீவில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர், மறுநாளே அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நெஞ்சில் சளி என்றுதான் பிள்ளைகளான எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஹாலில் மடக்குக் கட்டிலை விரித்தார்கள். கதையில் வந்த நர்ஸ் வேடம் எனக்கு; போனை அமுக்கிப் பதிவுசெய்வதும் சுடுதண்ணீர் கொடுப்பதும் என் பொறுப்பு. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒட்டுப் போடாமல் முழுப் பாட்டும் ஒரே தடவையில் வர வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்டளை. முதல் தடவை ரொட்டிக்கார அண்ணன் வாசலில் ஹார்ன் அடித்துக் கெடுத்தார். அடுத்த தடவை, குரலை உடைத்து மேலே ஏற்றும் இடத்தில் இருமல் வந்தது. ஒவ்வொரு முறையும் பெரியப்பா கட்டிலில் சாய்ந்து, கண்ணை மூடி, வாயால் மூச்சு வாங்கினார். கதையில் வந்தவரை அப்படியே நடித்துக் காட்டுகிறார் என்று அசந்துபோனேன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்ணே," என்றார் அப்பா.

"இன்னிக்கே முடிக்கணும்லா தம்பி."

டின்னரிலேயே நேரில் பாடலாமே என்று நான் கேட்டேன்.

"அன்னைக்கு வாய்ஸ் எப்படி இருக்குமோ மா. நீ போனை அமுக்கு."

எழுந்து நின்றார். கித்தாரை இழுத்து மாட்டிக்கொண்டார். இந்த முறை குரல் உடைந்து, ஏறி, இறங்காமல் நின்றது. கடைசி வரி முடியும்வரை அவர் கட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினோம். அப்பா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவே இல்லை. உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பாவம், பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் பாட்டு பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.