சிஸ்டர் மாய்க்கும் ஊருக்கும் நடுவில்

மொழிபெயர்க்கும் வேலையில் ஒரு விசேஷம் உண்டு: பேசியது யாராக இருந்தாலும் கேட்டவர் முறைப்பது நம்மைத்தான். வெளிநாட்டு விருந்தாளிக்குச் சொந்தக்காரர்களின் பேச்சை ஒரே ஒரு மாலைப் பொழுது மாற்றிச் சொன்னவர்களுக்குக்கூட என் கஷ்டம் புரியும்.

நான் பாகூர் பக்கம். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. புதுச்சேரியில் ஒரு கன்னியர் மடத்தில், வியட்நாமிலிருந்து வந்திருக்கும் சிஸ்டர் மாய்க்குத் தமிழ் கற்றுக்கொடுக்க என்னை எடுத்தார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளை அவர் வீடு வீடாகப் பார்க்கப் போகும்போது நானும் கூடவே போய்ப் பேச்சை மாற்றிச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வோம் என்றார் மடத்தின் தலைவியான மதர். அந்த மூன்று மாதமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

எந்த ஊர்?

முதல் வாரம் மார்க்கெட்டில் “மீன் எவ்வளவு?” என்று கேட்டுப் பழக சிஸ்டரைக் கூட்டிப் போனேன். சுடிதாரும் கழுத்தில் சின்னச் சிலுவையுமாக அவர் தெளிவாகத்தான் கேட்டார். மீன்கார அம்மா விலை சொல்லாமல் என்னைப் பார்த்து, “மணிப்பூரா? நேபாளமா? பார்லர்ல வேலையா?” என்று வரிசையாக விசாரித்தார். ஒரு மீன் விலையைச் சொல்ல ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று சிஸ்டர் ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். எதை முதலில் மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வியட்நாம் என்று சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இங்கே சொல்தா என்பார்கள். அப்படி ஒருவர் அவருடைய தெருவில் இருக்கிறாராம். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “எங்க தெரு சொல்தா சைகோன்ல பொறந்தவரு. இது அவருக்குச் சொந்தமாத்தான் இருக்கும், கூட்டிட்டுப் போயி காட்டும்மா.”

பாராட்டு

கதிர்காமத்தில் அஞ்சலை அக்கா வீட்டுக்கு வாரம் இரண்டு முறை போவோம். அவருடைய கணவர் மாணிக்கம் அண்ணன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தார். சிஸ்டர் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணைத் துடைத்து மருந்து போடுவார்.

ஒருநாள் அஞ்சலை அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார்: “கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்லியா இதுக்கு? பெத்தவங்க எப்படித்தான் இவ்ளோ தூரம் தனியா உட்டாங்களோ? சோறாவது ஒழுங்கா ஆக்கத் தெரியுமா?” நான், “உங்கள் சேவையைப் பாராட்டுகிறார்” என்று சொல்லிவைத்தேன். சிஸ்டர் பஞ்சைக் கீழே வைத்தார். “பாராட்டுக்கு நடுவில் மூன்று கேள்விகள் வந்ததே, அவை எங்கே?”

திருநீறு

இன்னொரு நாள் மாணிக்கம் அண்ணனுக்குக் காய்ச்சல். சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபித்தார். முடிந்ததும் அஞ்சலை அக்கா சாமி படத்தடியிலிருந்து திருநீற்றுத் தட்டை எடுத்து வந்து கணவருக்குப் பூசினார், எனக்குப் பூசினார், அதே கையோடு சிஸ்டருக்கும் பூசிவிட்டார்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். ஒரு கன்னியாஸ்திரி இதை அழிக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று பாகூரில் பிறந்த எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் இருவர் முழியையும் பார்த்துவிட்டு அஞ்சலை அக்காவே தீர்ப்புச் சொன்னார்: “அவங்க சாமிகிட்ட அவங்க கேட்டாங்க, எங்க சாமிகிட்ட நான் கேட்டேன். ரெண்டுல யாராவது ஊட்ல இருந்திருப்பாங்க.”

சொல்லிக்கொண்டு கிளம்பியது

மூன்றாவது மாதம் மாணிக்கம் அண்ணன் இறந்துபோனார். போனோம். சிஸ்டர் மாலை போட்டார், அஞ்சலை அக்காவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, பந்தலில் இருந்த ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கைகூப்பி, “போயிட்டு வரேன்” என்று சொல்ல ஆரம்பித்தார்.

தப்பு என்னுடையது. யார் வீட்டிலிருந்தும் சொல்லாமல் கிளம்பக் கூடாது, பெரியவர் முதல் குழந்தை வரை எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது நான்தான். சாவு வீட்டில் மட்டும் சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும் என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். சொல்லித்தர வேண்டிய விஷயம் அது என்றே எனக்குத் தோன்றியதில்லை. நான் செருப்பைத் தேடி முடித்து நிமிர்வதற்குள் சிஸ்டர் பத்துப் பேரைத் தாண்டிவிட்டார். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். இறந்தவரின் தம்பி என்னிடம் வந்தார்: “படிச்ச பொண்ணுதானே நீ? சாவு ஊட்ல சொல்லிக்கினு போவக் கூடாதுன்னு இந்தம்மாவுக்குச் சொல்லித் தர மாட்டே? இன்னொரு சாவுக்கா வரப்போறாங்க?”

வெள்ளிக்கிழமை

ஸ்கூட்டரில் திரும்பும்போது, தான் சொன்னது சரியாக இருந்ததா என்று சிஸ்டர் பின்னாலிருந்து கேட்டார். “உச்சரிப்பு நன்றாக இருந்தது” என்றேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்காமல் தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமை மதர் முடிவு சொல்லப் போகிறார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், சிஸ்டர் அடுத்த சாவு வீட்டிலும் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புவார்.

வெள்ளி காலையில் சொல்லிவிட்டேன். சிஸ்டர் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், இப்போதே போகலாம் என்றார். அஞ்சலை அக்கா வாசலில் தனியாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஆங்கிலத்தில் கேட்ட மன்னிப்பை இந்த முறை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன், தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்து.

அஞ்சலை அக்கா கையைக் கழுவிவிட்டு எழுந்தார். “அன்னிக்கு வந்த சனம் அத்தனையும் சொல்லாமத்தான் போச்சு. ஒண்ணுகூட இந்தப் பக்கம் திரும்பல. வரேன்னு சொன்னது இது ஒண்ணுதான், வந்துடுச்சு. உக்காரச் சொல்லு, காபி போடறேன்.”

மடத்துக்குத் திரும்பியதும் நடந்ததையெல்லாம் சிஸ்டரே மதரிடம் சொல்லிவிட்டார். மதர் என் பக்கம் திரும்பினார். “சிஸ்டருக்குத் தமிழ் தைரியமா வருது. உனக்குத்தான் இன்னும் வரல. இன்னொரு மூணு மாசம் பாப்போம்மா.”

இது வேலை கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்று ஊரிலிருந்து அப்பா போனில் கேட்கிறார். இதை மொழிபெயர்க்க எனக்கே ஒரு ஆள் தேவைப்படுகிறது.