விரலைக் காட்டிய ஞாயிறு

எங்கள் சபையில் மாத்திரை விழுங்குவதும் பீடி பிடிப்பதும் ஒன்றுதான். காய்ச்சலா, ஜெபம். வயிற்றுப்போக்கா, உபவாச ஜெபம். கம்மல் கூடாது, பூ கூடாது, சினிமா போஸ்டரைத் தாண்டும்போது தலை நிமிரக் கூடாது. பிள்ளைப்பாக்கத்தில் இருந்த அந்தக் கொட்டகைச் சபைக்கு அப்பா மூப்பர், பாஸ்டருக்கு அடுத்தபடி. அதனால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு ‘கூடாது’வும் இரண்டு பங்கு.

1991இல் எனக்குப் பத்தொன்பது வயது. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம், ஹைவே ஓரத்து ஷெட் ஒன்றில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் வேலை. ஒரு மத்தியானம் பேச்சு சுவாரசியத்தில் மெஷின் ஊசி என் ஆள்காட்டி விரலை நகத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டது. பாதி ஊசி உள்ளேயே ஒடிந்து நின்றது. சூப்பர்வைசர் அக்கா மொபெட்டை எடுத்தாள்.

“வேணாங்க்கா, ஜெபம் பண்ணா சரியாப் பூடும்.”

“வண்டில குந்திகினே பண்ணு, ஏறு.”

ஆஸ்பத்திரியில் ஊசியைப் பிடுங்கி, வேறு ஊசி போட்டு, விரலுக்குக் கட்டுக் கட்டி, ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். முதல் மாத்திரையை நரகத்துக்கு டிக்கெட் வாங்குகிற பயத்தோடு விழுங்கினேன். வலி அடங்கியது. மிச்சத்தைக் கம்பெனியிலேயே ஒளித்து வைத்துத் தின்றேன். விரல் கட்டைப் பார்த்துக் கேட்டவர்களிடம் கம்பெனியில் துணி சுற்றினார்கள் என்று சொல்லிவிட்டேன். அப்பா தினமும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு ஜெபித்தார். அவர் ஜெபத்தில் பொய்யே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் அப்பா எழுந்தார். “என் பொண்ணு வெரல்ல இரும்பு ஊசி ஏறிடிச்சி. டாக்டரு கெடையாது, ஒரு மாத்திரை கெடையாது. கர்த்தர் சொகமாக்கினாரு!” என்றார். கொட்டகையே அல்லேலூயா என்றது. பாஸ்டர் என்னை எழுந்து விரலைக் காட்டச் சொன்னார்.

‘ஸ்தோத்திரம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் முன்வரிசைப் பாயில் ஒருத்தி, காய்ச்சலில் துவண்ட குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் விரலையே பார்த்தாள். என்னை நம்பி அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். வந்ததே கோபம், அவள் மேல் இல்லை, என் மேல்.

“ஊசி போட்டுக்கினேன். மாத்திரையும் துன்னேன்” என்றேன்.

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாஸ்டர் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்காவிட்டால் சபையிலும் இடமில்லை, மூப்பர் வீட்டிலும் என்னை வைத்துக்கொள்ளக் கூடாதாம். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். நான் முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அந்தக் குழந்தையின் அம்மா எனக்கு முன்னாலேயே பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. இத்தனை வருஷமாகத் தலையில் சுமந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த மாதிரி கழுத்தெல்லாம் லேசாகிவிட்டது. வழியெல்லாம் சினிமா போஸ்டர்களை நின்று நிதானமாகப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அப்பா சபையை விடமாட்டார், என்னைத்தான் விடுவார். துணிமணியைப் பையில் அடைத்து வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா பையைப் பார்த்தார், உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அந்த ஊசி போட்றவங்க நாளிக்கு இருப்பாங்களாம்மா? ரெண்டு வருசமா நெஞ்சு அடைக்குது எனுக்கு.”

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாது.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

“காலைலயே இட்டுகினு போ. வெயில் ஏறிட்டா அவளால நடக்க முடியாது.”